திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவப் பாட்டிமார்

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபை ஒரு விதவையின் பெயரோடு தொடங்குகிறது. 1780இல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள், முதற்பெயர் குளோரிந்தா. தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவையான அவர் 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முன்னின்று கட்டிய சிறு ஆலயம் 1785இல் திறக்கப்பட்டது. ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றார்கள்.

அதற்குப் பிறகு சபை வரலாறுகளில் ஆண்களின் பெயர்களே நிறைகின்றன. 1799இல் முதலூரை உண்டாக்கிய தாவீது சுந்தரானந்தம், 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், 1841இல் இடையன்குடியில் குடியேறிய கால்டுவெல் ஆகியோருடைய உழைப்பு பெரிது. ஆனால் குருமார் சிலர், கிராமங்களோ பல. பனங்காட்டுத் தேரியில் சிதறிக் கிடந்த ஊர்களுக்கு ஐயர் வந்து போகும் நாட்களுக்கு இடையில் வீட்டுக்குள் விசுவாசத்தைக் காத்தவர்கள் மூத்த பெண்கள். அவர்களுக்குப் பதவி இல்லை. அறிக்கைகளில் பெரும்பாலும் பெயரும் இல்லை.

அந்த இடம் அவர்களுக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் படிப்பு. நாகர்கோவிலில் பிறந்து தமிழிலேயே வளர்ந்த எலைசா மால்ட் 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். மிஷன் நிலையங்கள் பலவற்றிலும் இப்படிப் பள்ளிகள் எழுந்தன. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரால் அமைந்த பள்ளி பின்னர் கல்லூரியாகவும் வளர்ந்தது. விடுதியில் எழுத்தும் வசனமும் தையலும் கற்ற பெண், கலியாணமாகிப் போன வீட்டில் வேதத்தைக் கையில் எடுத்து வாசிக்கத் தெரிந்தவளாக இருந்தாள். மாமியாருக்கு எழுத்துத் தெரியாத வீட்டில் அது சாதாரண விஷயமல்ல. நாற்பது ஆண்டுகள் கழித்து அவளே பாட்டியானபோது, குடும்ப ஜெபத்தை நடத்தும் உரிமை இயல்பாகவே அவள் கைக்கு வந்திருந்தது.

1877-78 பஞ்சம் இன்னொரு வகைப் பெண்களையும் இந்த வரிசையில் சேர்த்தது. நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயரின் அநாதை விடுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாய்வீடு என்று சொல்ல விடுதியே இருந்தது. அங்கே படித்த ஜெபமும் பாட்டுமே அவர்கள் புகுந்த வீட்டுக்குக் கொண்டு போன சீர்.

குடும்ப ஜெபம் விளக்கேற்றிய பின் நடக்கும். பாயை விரித்து எல்லாரும் உட்கார்ந்ததும் முதலில் ஒரு கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) போன்றோர் கர்நாடக ராகங்களில் இயற்றிய கீர்த்தனைகளை எழுத்தறியாத கிழவிகளும் மனப்பாடமாகப் பாடினார்கள். அடுத்து ஒரு சங்கீதம், ஓர் அதிகாரம். 1871இல் வெளிவந்த பவர் ஐயரின் வேதாகமத் திருப்புதல் வீடுகளுக்குள் வந்தபின், அதன் நடையே ஜெபத்தின் நடையாயிற்று. பேச்சில் நெல்லைத் தமிழ் பொழியும் பாட்டி, கண்ணை மூடியதும் ‘ஸ்தோத்திரிக்கிறோம்’, ‘கிருபை கூர்ந்தருளும்’ என்று வேதாகமத் தமிழுக்கு மாறிவிடுவாள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கொழும்புக்குப் பிழைக்கப் போனவன், பிரசவத்துக்கு வந்திருப்பவள் என ஒவ்வொருவர் பெயரும் அந்த ஜெபத்தில் வரும். குடும்பத்தின் முழு வரலாறும் நாள்தோறும் ஒருமுறை உரக்கச் சொல்லப்பட்டது என்றே இதைக் கொள்ள வேண்டும். பெயர் விட்டுப்போனவர் மனம் வருந்தியதும் உண்டு.

கைத்தொழில் இந்த விசுவாசத்துக்குப் பொருளாதார வலுவைத் தந்தது. நாகர்கோவிலில் எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் வளர்த்த லேஸ் பின்னல் இடையன்குடிக்கும் வந்தது. மெத்தை மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது இந்த வேலை. திண்ணையில் இருந்தபடியே செய்யலாம். பனையேறும் குடும்பத்தின் வருமானம் பருவத்தோடு நின்றுவிடும். லேஸ் காசு அப்படி நிற்பதில்லை. அது பெண் கையில் வந்த காசு. காணிக்கை எவ்வளவு, பேத்தியின் படிப்புக்கு எவ்வளவு என்பதில் அவள் சொல்லுக்கு மதிப்பு ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசில்லாத வீட்டில் கைப்பிடி அரிசி இருந்தது. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைத்து, சேர்ந்ததை ஆலயத்தில் கொடுப்பார்கள். அளக்கிற கை பாட்டியுடையது என்பதால் பஞ்ச காலத்திலும் பிடி சுருங்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவளுடையதே. இத்தகைய காணிக்கைகளில் பழகிய சபைதான் 1903 பிப்ரவரி 12இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்குத் தன் சொந்தச் செலவில் ஊழியர்களை அனுப்பியது. அதன் தொடக்கத்தில் முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். நெடுநாள் ஜெபத்துக்குப் பின் கிடைத்த மகன் என்று, வேதாகமத்தில் வரும் அன்னாளின் பிள்ளைக்குரிய சாமுவேல் என்ற பெயரை அவருக்கு வைத்தார்கள். 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே.

விதவையான மூத்த பெண்கள் சிலர் வீட்டைத் தாண்டியும் போனார்கள். பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட அவர்கள், ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீட்டுப் பின்கட்டுகளுக்குள் போய் வாசித்துக் காட்டினார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளியின் அருகே இருந்தார்கள். சம்பளம் சொற்பம், நடை அதிகம்.

இந்தப் பாட்டிமார் எல்லாவற்றிலும் புதுமை செய்தவர்கள் அல்லர். தாலியில் சிலுவை ஏறியது. ஆனால் முறைமாப்பிள்ளை, முறைப்பெண் வழக்கம் தொடர்ந்தது. சாதிக்குள்ளேயே சம்பந்தம் பேசும் கட்டுப்பாட்டைப் பெரும்பாலான வீடுகளில் காத்து நின்றவர்களும் அவர்கள்தாம். பந்தியில் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையைக் கொண்டாடிய அதே சபையில் இந்த வேலி நீடித்தது, இந்த வரலாற்றின் வருத்தமான பக்கம்.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது திருநெல்வேலி அதன் பேராயங்களுள் ஒன்றாயிற்று. பெண்கள் ஐக்கிய சங்கங்கள் ஊர்தோறும் ஜெபக்கூட்டம் நடத்தின. 1970களில் அத்திருச்சபை பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்யத் தொடங்கியது. கைப்பிடி அரிசி பல ஊர்களில் பணக் காணிக்கையாக மாறிவிட்டது. பேரப்பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்ட வீடுகளில் மாலை ஜெபம் தொலைபேசி வழியாக நடக்கிறது. பெயர்களை வரிசையாகச் சொல்லி ஜெபிப்பவர் அங்கும் பெரும்பாலும் பாட்டிதான்.