கருவிப் பயிற்சியும் பொருளறிவும்: இராமநாதபுரக் கடற்கரைக் கல்லூரி நூலகர்களை முன்வைத்து

திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிக்கு நிலம் விடப்பட்டதைச் சொல்கிறது. வைணவத் திருத்தலத்தில் பொறிக்கப்பட்ட பள்ளிவாசல் கொடை என்பதால், தென்னிந்திய வணிக வரலாறு எழுதுவோர் இதை அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். இராமநாதபுரத்தில் வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி இதைப் பற்றி எழுத விரும்பித் தன் கல்லூரி நூலகரிடம் வருகிறாள் என்று கொள்வோம். நூலகர் அவளை எங்கே அனுப்ப வேண்டும்?

இணையத் தேடலில் ஊர்ப்பெயரை இட்டால் சேதுக்கரை நீராடல், தலபுராணம், பேருந்து வசதி என்றுதான் வரும். கல்வெட்டின் முதல் குறிப்பு இருப்பது 1903ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஆண்டறிக்கையில். பவித்திரமாணிக்கப்பட்டினம் இன்றைய பெரியபட்டினம் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அந்தப் பெயரிலும் தேடினால்தான், 1980களின் அகழாய்வில் அங்கே கிடைத்த சீனப் பீங்கான் சில்லுகளை ஆராய்ந்து எ. சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் எழுதியவை கைக்கு வரும். ஆங்கில நூல்களின் பொருளகராதியில் இந்த ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றும் பல எழுத்துக்கூட்டலில் கிடக்கின்றன. இந்த வழித்தடம் தெரிந்திருப்பதைத்தான் பொருளறிவு என்கிறேன். கல்வியியலுக்கும் சமூக அறிவியலுக்கும் துணைநிற்கும் நூலகருக்கு முதலில் வேண்டியது இது. நம் பயிற்சி நிகழ்வுகளில் பெரும்பாலும் இடம்பெறாததும் இதுதான்.

இதற்குத் தனிமனிதர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. குறை விதியிலேயே இருக்கிறது. யூ.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் கல்லூரி நூலகரின் முதல் பதவி உயர்வுக்கு 21 நாள் அறிமுகப் பயிற்சியோடு, நூலகத் தானியக்கம், மின்னாக்கம், பராமரிப்பு தொடர்பான ஐந்து நாள் பயிற்சியையும் கேட்கின்றன. விதி எதைக் கேட்கிறதோ அதைத்தான் கல்லூரிகள் நடத்தும். ஆகவே கோஹா நிறுவுதல், டிஸ்பேஸ் களஞ்சியம் அமைத்தல், கருத்துத்திருட்டு கண்டறியும் மென்பொருள், நாக் குழு வருகைக்கான ஆவணங்கள் என்று தலைப்புகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி நிகழ்வுகள் பெருகின, மின்சான்றிதழ்கள் குவிந்தன. இயற்பியல் துறைக்குச் சேவை செய்பவரும் பி.எட். கல்லூரி நூலகரும் ஒரே உரையைக் கேட்டுவிட்டு ஊர் திரும்பினர். கருவி வேண்டாம் என்பது என் வாதமன்று. பட்டியல் கணினியில் ஏறாத நூலகத்தில் எந்தப் பொருளறிவும் பாதிதான் பயன்படும். ஆனால் கருவியோடு பயிற்சி முடிந்துவிடுவது பெரும் இழப்பு.

நம்முடைய தொடக்கம் இப்படி இருக்கவில்லை. எஸ். ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை முதன்முதலாக விரித்துரைத்தது 1928 டிசம்பரில், சிதம்பரத்தை அடுத்த மீனாட்சி கல்லூரியில் கூடிய மாகாணக் கல்வி மாநாட்டில், கேட்டவர்கள் ஆசிரியர்கள். மறு ஆண்டே சென்னை நூலகச் சங்கத்தின் கோடைப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று; 1931இல் அதைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. வாசகர் அருகில் இருந்து, அவர் தேடும் பொருளுக்குள் அவரோடு சேர்ந்து இறங்குவதையே ரங்கநாதன் நூலகப் பணியின் உச்சமாகக் கருதினார். அவர் வழிவந்தவர்கள் நாம் என்று மேடைதோறும் சொல்கிறோம். பயிற்சி அட்டவணையில் அந்த அமர்வு எங்கே?

கல்வியியலுக்கு வருகிறேன். இந்தக் கடற்கரையில் பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் எத்தனையாம் வகுப்போடு நிற்கிறார்கள் என்று ஒரு பி.எட். அல்லது எம்.எட். மாணவர் கேட்டால், நூலகரின் கை முதலில் பள்ளிக்கல்வித் தரவான யூடைஸ் பக்கம் போகும். அது பள்ளிவாரியாகப் பேசும். குடும்பத்தின் தொழிலைப் பேசாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊரைக் காட்டும். ஆனால் பாசித் தொழிலைத் தனியே பிரித்துக் காட்டாது. மீனவக் குடும்பங்களின் கல்வி நிலை பதிவாகியிருப்பது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2010லும் எடுத்த கடல் மீன்வளக் கணக்கெடுப்பில். ‘மீன்வளம்’ என்று தலைப்பிட்ட நூலைக் கல்வியியல் அலமாரியில் யாரும் தேடமாட்டார்கள். 1971 வரை அந்நிறுவனத்தின் தலைமையகமாக இருந்த மண்டபம், திருப்புல்லாணியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. இன்றும் அங்கே அதன் மையம் இயங்குகிறது. நம் கல்வியியல் நூலகர்களில் எத்தனை பேர் அதன் நூலகப் படியேறியிருக்கிறார்கள்?

2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய நல்ல திட்டம், மனமார வரவேற்கிறேன். ஆனால் மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் அடிப்படைச் சான்று அந்த இதழ்க் குவியலுக்கு வெளியே, அறிக்கையாகவும் கணக்கெடுப்பாகவும் ஆய்வேடாகவும் கிடக்கிறது. வாசல் அகலமாகத் திறந்த பிறகுதான், உள்ளே எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லும் ஆளின் தேவை கூடுகிறது.

பொருள்வழிப் பயிற்சிக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகர் சங்கத்தில் கல்வி, நடத்தை அறிவியல் நூலகர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் ஆவண மையமான நாஸ்டாக் தில்லியிலிருந்து குறுகியகாலப் பயிற்சிகள் நடத்துகிறது.

“கலைக் கல்லூரிக்கு ஒரே ஒரு நூலகர்; வேதியியலும் அவர் பொறுப்பு, பொருளியலும் அவர் பொறுப்பு. அவரை எப்படிப் பொருள் வல்லுநராக்குவது?” என்ற மறுப்பு நியாயமானது. பல சுயநிதி பி.எட். கல்லூரிகளில் நூலகருக்குப் பதவி உயர்வு என்ற பேச்சே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், அவர் பயிற்சிக்குச் செல்லப் பணிநாள் அனுமதி (ஓ.டி.) கேட்டால் பணியில்லா நாளாகக் கழிப்பவர்களும் உண்டு. ஆனால் நான் கேட்பது வல்லுநர் பட்டம் அன்று. ஒவ்வொரு புத்தொளிப் பயிற்சியிலும் கருவி அமர்வுகளுக்கு இணையாகப் பொருள் அமர்வுகள் வேண்டும். அந்த ஊர் மாணவர் உண்மையில் கேட்கும் ஒரு கேள்வியை எடுத்து, அதன் சான்றுகள் வரை கூட்டாகப் போய்ப் பார்க்க வேண்டும். தனியாள் நூலகருக்கு இதுவே மிகத் தேவை. பக்கத்து மேசையில் கேட்க அவருக்கு ஆளில்லை.

இதைத் தொடங்கக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் நூலக, தகவல் அறிவியல் துறை தகுந்த இடம்; சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் அதனோடு இணைந்தவை. மூன்று நாள் போதும். ஒரு நாள் கல்வெட்டு அறிக்கைகளோடு திருப்புல்லாணியில், ஒரு நாள் கணக்கெடுப்புத் தொகுதிகளோடு மண்டபத்தில், மூன்றாம் நாள் கற்றதைத் தமிழில் ஒரு சான்று வழிகாட்டியாக எழுதுவதில். பி.எட். கல்லூரி நூலகர்களைப் பணிநாளாகக் கணக்கிட்டு அனுப்பும்படி நிருவாகங்களுக்குப் பல்கலைக்கழகமே எழுத வேண்டும். சான்றிதழைப் பங்கேற்புக்குத் தராமல், அந்த வழிகாட்டியில் ஒவ்வொருவரும் எழுதிய பகுதிக்குத் தர வேண்டும். யூ.ஜி.சி. தன் நெறிமுறைகளை அடுத்துத் திருத்தும்போது, ‘தானியக்கம், மின்னாக்கம்’ என்ற வரியில் ‘பொருள்வழிச் சான்றறிவு’ என்பதையும் சேர்க்கும்படி இவ்விதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.