வீட்டில் உருவாக்கும் மின்சுற்றுப் பலகை

மின்சுற்றுப் பலகை என்பது, மின்கடத்தாத் தகட்டின்மேல் அமைந்த செப்புப் பாதைகளால் மின்னணு உறுப்புகளை இணைக்கும் அமைப்பாகும். இன்று பெரும்பாலும் தொழிற்சாலைகளில் உருவாகும் இப்பலகையை, தொடக்கநிலை ஆர்வலர்கள் சிறு எந்திரத்தாலும் பற்றாசுக் கோலாலும் வீட்டிலேயே செய்துகொள்கின்றனர்.

தோற்றம்

தொடக்ககால வானொலிப் பெட்டிகளில் ஒவ்வோர் உறுப்பையும் கம்பியால் தனித்தனியே கையால் இணைத்தனர். வியன்னாவில் பிறந்த பொறியாளர் பால் ஐஸ்லர் 1936இல் இங்கிலாந்து சென்றார். அச்சுத்தொழிலை அறிந்திருந்த அவர், செப்புத் தகட்டில் வேண்டாத பகுதியை நீக்கினால் எஞ்சுவதே கம்பியாகும் எனக் கண்டு, தாம் தங்கியிருந்த லண்டன் விடுதியில் ஒரு வானொலியைச் செய்தார். கையால் இணைக்கும் பெண் தொழிலாளர்களின் கூலி குறைவு எனக் கருதிய நிறுவனமொன்று இம்முறையை ஏற்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க எறிகணைகளின் அண்மை வெடிதூண்டிகளில் அச்சிட்ட சுற்றுகள் பயன்பட்டன. 1948இல் அமெரிக்கா இத்தொழில்நுட்பத்தை வணிகப் பயன்பாட்டிற்குத் திறந்துவிட்டது.

வேதி அரிப்பு முறை

ஆர்வலர்கள் நெடுங்காலம் பெரிக் குளோரைடு கரைசலையே நம்பியிருந்தனர். பாதைகளை மையால் மூடிப் பலகையைக் கரைசலில் இட்டால், மூடப்படாத செம்பு கரைந்துவிடும். செலவு குறைவு, ஆனால் கரைசல் கறை படியச் செய்யும். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருப்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றலாகாது.

துருவல் முறை

கரைசலுக்கு மாற்றாக வந்தது துருவல். ஜெர்மனியில் 1976இல் தொடங்கப்பட்ட எல்.பி.கே.எப். நிறுவனத்தின் பெயரே மின்சுற்றுப் பலகைத் துருவலைக் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் சுருக்கமாகும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நீல் கெர்சன்பெல்டு 1998இல் தொடங்கிய பாடத்திட்டமும், அதன்வழி வளர்ந்த பேப் லேப் கூடங்களும் மேசைமேல் வைக்கும் சிறு துருவல் எந்திரத்தை மாணவர்களிடம் கொண்டு சேர்த்தன.

இம்முறையில் கூர்முனை வெட்டுளி ஒவ்வொரு பாதையையும் சுற்றிச் செம்பைச் சீவி, அதைத் தனிமைப்படுத்துகிறது. செம்பின் தடிப்பு வழக்கமாக ஏறத்தாழ 35 மைக்ரோமீட்டர் மட்டுமே. பலகை 0.1 மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் ஓரிடத்தில் செம்பு அறுபடாது. வேறோரிடத்தில் வெட்டு ஆழமாகிப் பாதை மெலியும். ஆகவே வெட்டுவதற்கு முன் பலகையின் பல இடங்களில் உயரத்தை அளந்து, அதற்கேற்ப வெட்டும் ஆழத்தைத் திருத்துகின்றனர். கண்ணாடியிழைப் பலகையின் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. எனவே பலர் காகித அடிப்படையிலான பலகையைத் தேர்கின்றனர். எதுவாயினும் முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் தேவை.

பற்றாசு வைத்தல்

தொழிற்சாலைப் பலகையில் உள்ள பச்சைநிறக் காப்புப் பூச்சு துருவிய பலகையில் இராது. பாதைக்கு அருகிலேயே எஞ்சிய செம்பு இருப்பதால், உருகிய பற்றாசு எளிதில் இடைவெளியைத் தாண்டிக் குறுக்கிணைப்பை உண்டாக்கும். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கொண்ட பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பின் பரவிய காரீயமற்ற வகைகளுக்குக் கூடுதல் வெப்பம் வேண்டும். உறுப்பின் காலையும் செப்புத் திட்டையும் ஒருங்கே சூடாக்கிய பிறகே பற்றாசைத் தொடவேண்டும். கோலின் நுனியில் உருக்கி அப்பினால் இணைப்பு உறுதியாகப் பிடிக்காது. மின்சாரம் கொடுக்கும் முன் பன்மானியால் குறுக்கிணைப்பு உண்டா எனச் சோதிப்பது உறுப்புகள் எரிவதைத் தடுக்கும்.

முக்கியத்துவம்

ஐஸ்லரின் அடிப்படைக் கருத்து இன்றும் மாறவில்லை. செம்பை நீக்கும் கருவியே மாறியுள்ளது. வரைந்த சுற்றை அன்றே செய்து, அன்றே சோதித்து, பிழையைத் திருத்த முடிவதே மாணவர்களுக்குத் துருவல் முறை தரும் பெரும்பயன்.