பந்தின்றி ஆடும் எறிவாளர் (கூடைப்பந்து)

எதிரணியின் தற்காப்பு முற்றும் நிலைகொண்டபின் நிகழும் அரைக்களத் தாக்குதலில், அணியின் தலைசிறந்த எறிவாளர் பந்தைத் தம் கையில் வைத்துத் தடுப்பாளரோடு தனித்துப் போராடாமல், அதனைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, சகாக்கள் அசையாது நின்று தடுப்பாளரின் வழியை மறித்து அமைக்கும் ஸ்கிரீன்களைச் சுற்றி இடைவிடாது ஓடி, எறிதற்குரிய இடத்தையும் க்ஷணத்தையும் தேடிப் பெறும் முறை. இண்டியானா பேசர்ஸ் அணியின் ரெஜி மில்லரும், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரிச்சர்ட் ஹாமில்டனும் இதில் கீர்த்தி பெற்றவர்கள். ஆயினும் இதன் பூரண வடிவத்தைக் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஸ்டீபன் கரியிடமே காண்கிறோம்.

2014-இல் அவ்வணியின் பயிற்சியாளரான ஸ்டீவ் கெர், சிகாகோ புல்ஸ் அணியில் ஃபில் ஜாக்சனிடம் தாம் பயின்ற, மூவர் முக்கோணமாய் நின்று பந்தைப் பகிரும் முக்கோணத் தாக்குதலின் தத்துவங்களைக் கொணர்ந்து, கூர்ந்த பார்வையுடைய டிரேமண்ட் கிரீனிடம் பந்தைச் சேர்ப்பித்து, கரியைக் களமெங்கும் சஞ்சரிக்கவிட்டார். கிரீனுக்குப் பந்தைத் தந்த கரி உடனே சக எறிவாளர் கிளே தாம்சனுக்கு ஸ்கிரீன் அமைக்க விரைவார். கரியை விட்டகல அஞ்சும் தடுப்பாளர் இருவரும் அவரையே பற்றிக்கொள்ள, தாம்சனோ கூடையை நோக்கித் தடையின்றிச் செல்வார். இப்பலன் ஆட்டக் கணக்கேட்டில் கரியின் பெயரில் ஏறுவதில்லை. எனினும் அவருடைய மகத்துவத்தின் பெரும்பகுதி இதிலேயே அடங்கியுள்ளது. 2015-16 பருவத்தில் அவர் 402 மூன்று புள்ளி எறிவுகளைக் கூடையிலிட, அணி 73 ஆட்டங்களில் வென்றது.

இம்முறையில் எறிவாளருக்குத் தேகசிரமம் மிகுதி. தடுப்பாளர்கள் தத்தம் ஆளை மாற்றிக்கொண்டு காப்பின் ஸ்கிரீனின் பயன் குன்றும். அப்போது கரியும் பந்தைத் தாமே ஏந்தி ஆடுவதுண்டு.