பஞ்சாலைக் கல் பாவிய பாதை

இங்கிலாந்தின் முதல் நெடுந்தூர நடைபாதை பென்னைன் வே. டெர்பிஷயரின் ஈடேல் கிராமத்தில் கிளம்பி, ஸ்காட்லாந்து எல்லைக்குள் இருக்கும் கிர்க் யெட்ஹோமில் முடிகிறது. 268 மைல், அதாவது சுமார் 430 கிலோமீட்டர். உயரமான இடம் கிராஸ் ஃபெல், 893 மீட்டர். இந்தக் கணக்கையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த மேட்டில் கால் வைக்க யாருக்கு உரிமை இருந்தது என்கிற கேள்விதான்.

1930களில் மான்செஸ்டர், ஷெஃபீல்ட் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்த நாள். ஆலைப் புகையை விட்டு ரயில் பிடித்துப் போனால், கண்ணுக்கெட்டிய தூரம் மேட்டுநிலம் விரிந்து கிடக்கும். ஆனால் உள்ளே போக முடியாது. பெரும்பகுதி பணக்காரர்களின் க்ரௌஸ் பறவை வேட்டைக்கு ஒதுக்கப்பட்டது. வருஷத்தில் சில நாள் சுடுவதற்காக மற்ற நாளெல்லாம் காவல்காரர்கள் கம்போடு நிற்பார்கள்.

1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர் கிண்டர் ஸ்கௌட் மலையில் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபதுதான். அத்துமீறி நுழைவது அங்கே கிரிமினல் குற்றமே இல்லை. அதனால் கலகம், கைகலப்பு என்று வழக்குப் போட்டு ஐந்து பேரை உள்ளே தள்ளினார்கள். ராத்மனுக்கு நாலு மாதம்.

மூன்று வருஷம் கழித்து டாம் ஸ்டீஃபன்சன் வேறு வழியில் வந்தார். பதின்மூன்று வயதில் துணி அச்சிடும் ஆலையில் வேலைக்குப் போனவர். முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்துச் சிறை சென்றவர். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை மாதிரி உங்கள் நாட்டில் ஏதும் உண்டா என்று இரண்டு அமெரிக்கப் பெண்கள் கேட்டு எழுதியிருந்தார்கள். அதை வைத்து 1935இல் டெய்லி ஹெரால்ட் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார்: நமக்கும் ஒரு நீண்ட பசும்பாதை வேண்டும். 1949இல் சட்டம் வந்தது. பாதை திறந்தது 1965 ஏப்ரல் 24 அன்று. அதே தேதி. ஒரு கட்டுரைக்கு முப்பது வருஷம்.

திறந்த பிறகு வேறொரு பிரச்சினை. மேலே இருப்பது பீட், பாதி மக்கிய தாவரங்கள் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் மண். ஒருத்தர் நடந்தால் தடம். ஆயிரம் பேர் நடந்தால் சேறு. சேற்றைச் சுற்றிப் போனால் பாதை இன்னும் அகலமாகும். இந்த மண்ணைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசியை ஆலைப் புகை ஏற்கெனவே கொன்றிருந்தது. தீர்வு எளிமையானது: பாரத்தைப் பரப்பு. கைவிடப்பட்ட பஞ்சாலைகளின் தளக்கற்களைப் பெயர்த்து, ஹெலிகாப்டரில் கொண்டுபோய்ப் பாவினார்கள். சில கற்களில் இயந்திரம் பொருத்திய துளைகள் இன்னும் தெரியும். வாரம் முழுக்கத் தொழிலாளிகள் நின்று தேய்ந்த தரை, அவர்களை விரட்டிய மேட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

இதோடு சுபம் போட்டுவிட முடியாது. திறந்த வெளிகளில் விருப்பம்போல் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதுவும் இங்கிலாந்து நிலத்தில் சுமார் 8 சதவீதத்துக்கு மட்டும். மிச்ச நிலத்தில் பாதையை விட்டு இறங்கினால், ராத்மன் செய்ததையேதான் நாமும் செய்கிறோம்.