மரக்கால் முத்திரையிலிருந்து வாரண்டி கார்டு வரை

நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஏதாவது எழுதுங்கன்னு என் பேரைச் சொன்னப்ப, பத்தாவதோட படிப்பை நிறுத்தின நான் என்ன எழுதுறதுன்னு தயங்கினேன். அப்புறம் ஒரு கிரைண்டர் ஞாபகம் வந்தது. அந்தக் கிரைண்டரால நானும் எங்க குழுவும் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதுக்குப் பிறகுதான் பொருள் வாங்குறவங்களுக்கு என்னென்ன உரிமை இருக்கு, அது எப்படி வந்ததுன்னு கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டேன். அதை உங்ககிட்டச் சொல்றேன்.

2017-ஆம் வருஷம், ஜி.எஸ்.டி. வந்த புதுசு. எங்க குழுவுல ஒரு அக்கா இட்லி மாவு அரைச்சு விற்கப் போறேன்னு 30,000 ரூபாய் கடன் கேட்டாங்க. நான் அப்ப குழுவோட பிரதிநிதி. தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அக்கா டவுனுக்குப் போய்ப் பெரிய கிரைண்டரா வாங்கி வந்தாங்க. "பில்லு போட்டா வரி சேர்ந்து ரெண்டாயிரம் கூட ஆகும், பில்லு இல்லாம எடுத்துக்குங்கம்மா" என்று கடையில் சொல்லியிருக்காங்க. ரெண்டாயிரம் மிச்சம்னு அக்காவுக்குச் சந்தோஷம். கேட்ட எனக்கும் சந்தோஷம்தான். வாரண்டி கார்டு ஒண்ணு கொடுத்தாங்க. அதுல சீலும் இல்லை, தேதியும் இல்லை.

ஏழாவது மாசம் மோட்டார் புகைஞ்சு நின்னுபோச்சு. கடையில போய்க் கேட்டா, "இது எங்க கடையில வாங்கினதுன்னு எப்படிம்மா நம்புறது?" என்று ஒரே வார்த்தையில் முடிச்சுட்டாங்க. அக்கா நாலு தடவை பஸ் ஏறிப் போனாங்க. கடைசியில் ரெண்டு ஆட்டை விற்றுக் குழுக் கடனைக் கட்டினாங்க. ஒரு தவணைகூட பாக்கி வைக்கலை. கூட்டத்துல அவங்க பணத்தை எண்ணி வச்சப்ப என்னால நிமிர்ந்து பார்க்க முடியலை. கடன் கொடுக்கிறப்ப "பில்லு எங்கே?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும்.

ஏமாத்துறதும் புதுசு இல்லை, அதைத் தடுக்கப் பார்க்கிறதும் புதுசு இல்லை. அதுக்கு நம்ம தஞ்சாவூர்லயே சாட்சி இருக்கு. ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடிச்ச பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்க. கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததாக எழுதியிருக்கு. நகைகளை நிறுக்க 'தட்சிணமேருவிடங்கன்' என்று வேறொரு கல். நெல் அளக்க 'ஆடவல்லான்' என்னும் மரக்கால், அது 'ராஜகேசரி' என்ற அளவுக்குச் சமம் என்றும் வெட்டி வச்சிருக்காங்க. சாமி பேரையே எடைக்கல்லுக்கும் மரக்காலுக்கும் வச்சா யாரும் அதுல கை வைக்க மாட்டாங்க என்றுதான் எனக்குத் தோணுது. எந்த அளவால் அளந்தோம்னு எல்லாருக்கும் தெரியுற மாதிரி கல்லுல எழுதி வச்சாங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம். ஒரு வகையில் அதுவும் பில்லு மாதிரிதான்.

ஆனா ஊர்க்களத்துல அந்த நியாயம் நிலைக்கலை. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்னு கணக்கு இருந்தாலும், மரக்கால் வீட்டுக்கு வீடு வேறயா இருந்தது. குத்தகை நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி நெல்லைக் கொடுக்க அதைவிடச் சின்ன மரக்கால் என்று எங்க பாட்டி சொல்வாங்க. 1940-களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் தலைமையில் விவசாயிகளும் பண்ணையாட்களும் சங்கம் சேர்ந்தப்ப, கேட்ட நியாயங்கள்ல முத்திரை மரக்காலும் ஒண்ணு. சர்க்கார் முத்திரை குத்தின மரக்காலால்தான் அளக்கணும் என்பதுதான் அது. நாள் முழுக்க நாத்து நட்டவங்களுக்கு ஒவ்வொரு மரக்காலிலும் அரைப்படி குறைஞ்சா வருஷத்துக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

சுதந்திரம் வந்த பிறகு 1956-ல் எடை அளவுகளுக்குச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ கணக்கு நடைமுறைக்கு வர ஆரம்பிச்சது. இன்னைக்குக் கடைத் தராசுலயும் எடைக்கல்லுலயும் முத்திரை இருக்கணும். அதைப் பார்க்கிறது தொழிலாளர் துறையோட வேலை. பாக்கெட்டுப் பொருள்ல எடை, விலை, தயாரிச்ச தேதி எல்லாம் அச்சடிச்சிருக்கணும்.

அளவு சரியா இருந்தா மட்டும் போதுமா? பொருள் நல்லதா இருக்கணுமே. அந்தக் காலத்துல மாடு வாங்கப் போனா பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்க, சுழி பார்ப்பாங்க, நடக்க விட்டுப் பார்ப்பாங்க. பித்தளைப் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துச் சத்தத்துலயே சொல்லிடுவாங்க. இப்ப மோட்டாரைத் தட்டிப் பார்த்தா என்ன தெரியும்? உள்ளே செம்புக் கம்பியா அலுமினியக் கம்பியா என்று யாருக்குத் தெரியும்? நம்ம கண்ணுக்குத் தெரியாததுக்குத்தான் விற்கிறவர் எழுத்துல பொறுப்பு எடுத்துக்கணும். அந்த எழுத்துதான் வாரண்டி.

வெள்ளைக்காரன் காலத்துலயே, 1930-ல், சரக்கு விற்பனைச் சட்டம் வந்தாச்சு. இன்ன வேலைக்குத்தான் வேணும்னு சொல்லி, விற்கிறவரை நம்பி வாங்கினா, பொருள் அந்த வேலைக்கு ஏத்ததா இருக்கணும் என்று அதுல இருக்கு. ஆனா வாங்கினவங்க சிவில் கோர்ட்டுக்கு அலையணும், வக்கீல் வைக்கணும். ஒரு அயர்ன் பாக்ஸுக்காக யார் கோர்ட்டுக்குப் போவாங்க? அதனால அந்தச் சட்டம் நம்மள மாதிரி ஆட்களுக்கு எட்டாமலே இருந்தது.

1962 மார்ச் 15-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, பொருள் வாங்குறவங்களுக்கு நாலு உரிமை உண்டு என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குச் சொன்னார். பாதுகாப்பு, தகவல், தேர்ந்தெடுக்கிறது, நம்ம குரலைக் கேட்கச் செய்யுறது. அதனாலதான் மார்ச் 15 உலக நுகர்வோர் தினம். 1985-ல் ஐக்கிய நாடுகள் சபை இதுக்கு வழிமுறைகள் வகுத்தது. அடுத்த வருஷமே, 1986 டிசம்பர் 24-ல், நம்ம நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைச்சது. நாலு உரிமையோட குறை தீர்த்துக்கிற உரிமையும், நுகர்வோர் கல்வி பெறுற உரிமையும் சேர்ந்து ஆறாச்சு. மாவட்டத்துக்கு ஒரு நுகர்வோர் மன்றம், வக்கீல் இல்லாம நாமே போய்ப் பேசலாம் என்று வந்தது இந்தச் சட்டத்தாலதான்.

நம்ம பெண்களுக்கு ரொம்ப முக்கியமான ஒரு விஷயம் இதுல இருக்கு. வியாபாரத்துக்காக வாங்கின பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அப்படின்னா மாவு அரைச்சு விற்கிறவங்க, தையல் மெஷின் வச்சிருக்கிறவங்க கதி என்ன? 1993-ல் ஒரு விளக்கம் சேர்த்தாங்க. சுயதொழில் செஞ்சு பிழைக்கிறதுக்காகவே வாங்கின பொருளா இருந்தா, வாங்கினவங்க நுகர்வோர்தான். 1995-ல் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்குல இதைத் தெளிவாச் சொல்லியிருக்கு. அது கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனத்துகிட்ட ஒரு கம்பெனி வாங்கின இயந்திரத்தைப் பத்தின வழக்கு. அந்தக் கம்பெனி பெரிய அளவுல தொழில் பண்ணதால அதை நுகர்வோரா ஏத்துக்கலை. ஆனா தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குறவரும், தானே டைப் அடிச்சுப் பிழைக்க டைப்ரைட்டர் வாங்குறவரும் நுகர்வோர்தான் என்று நீதிபதிகள் சொன்னாங்க. அப்படிப் பார்த்தா எங்க அக்காவும் நுகர்வோர்தானே.

விவசாயத்துக்கும் ஒரு தீர்ப்பு இருக்கு. ஆந்திராவுல விதை சரியில்லாம நஷ்டப்பட்ட விவசாயிகள் தேசிய விதைக் கழகத்து மேல வழக்குப் போட்டாங்க. விவசாயி நுகர்வோர் இல்லை, நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது என்று எதிர்த்தரப்புல வாதாடினாங்க. விதை வாங்குற விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல குறுவைக்கும் சம்பாவுக்கும் விதை நெல் வாங்குறோம். மூட்டையைப் பிரிச்ச உடனே அதுல தைச்சிருக்கிற அட்டையைத் தூக்கி எறியுறோம். நீல அட்டை என்றால் சான்று விதை, வெள்ளை அட்டை என்றால் ஆதார விதை. அந்த அட்டைதான் விதை நெல்லோட வாரண்டி கார்டு. முளைக்கலைன்னா கையில காட்ட அதுதான் இருக்கும். அறுவடை முடியுற வரைக்கும் அட்டையையும் ரசீதையும் பத்திரமா வச்சிருங்க. ஒரு கைப்பிடி விதையும் எடுத்து வச்சா இன்னும் நல்லது.

இப்ப நடப்புல இருக்கிறது 2019-ல் வந்த புதுச் சட்டம். 2020 ஜூலை 20-லிருந்து அமலுக்கு வந்தது. மன்றம் என்ற பேர் மாறி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஆச்சு. தஞ்சாவூர்லயும் ஆணையம் இருக்கு. முன்னெல்லாம் கடை இருக்கிற ஊர்லதான் பெரும்பாலும் வழக்குப் போடணும். இப்ப நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். சென்னையில வாங்கினாலும் போன்ல ஆர்டர் போட்டு வாங்கினாலும் நம்ம ஊர்லயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில்லு கொடுக்க மறுக்கிறதே முறையற்ற வணிகம் என்று இந்தச் சட்டம் சொல்லுது. குறையுள்ள பொருளைப் பில்லுல போட்டிருக்கிற கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி வாங்க மறுக்கிறதும் அப்படித்தான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லுல அச்சடிச்சிருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது.

இதெல்லாம் தெரிஞ்சப்ப எனக்கு இன்னொண்ணும் தெரிஞ்சது. பில்லு இல்லாட்டியும் அக்கா புகார் கொடுத்திருக்கலாம். அந்த கார்டு, கடைக்குக் கூடப் போனவங்க சாட்சி, இதெல்லாம் வச்சுக் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனா குறை வந்த நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும். தகுந்த காரணம் சொன்னா ஆணையம் தாமதத்தை மன்னிக்கலாம், அது அவங்க முடிவு. நாங்க தெரிஞ்சுக்கிட்டப்ப ரெண்டு வருஷம் தாண்டிப் போயிருந்தது. நடுவுல கஜா புயல்ல வீட்டுக் கூரையோட அந்த கார்டும் போயிடுச்சு.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் வாங்கினோம். இந்தத் தடவை பில்லு வாங்கினேன், கார்டுல சீலும் தேதியும் போட்டு வாங்கினேன். பதினோராவது மாசம் குளிர்ச்சி நின்னது. "ஆள் வருவார், வருவார்" என்று கடையில இழுத்தாங்க. ஒரு வருஷம் முடியட்டும்னு பார்க்கிறாங்களோன்னு சந்தேகம் வந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். தமிழ்லயே பேசினாங்க. புகார் எண் போனுக்கு வந்தது. பன்னிரண்டாவது நாள் மெக்கானிக் வந்து பழுது பார்த்துட்டுப் போனார். காசு கேட்கலை. வாரண்டி முடியுறதுக்கு முன்னாடி புகார் எழுத்துல பதிவானதுதான் என்னைக் காப்பாத்துச்சு.

அந்தக் கார்டை அப்பதான் முழுசாப் படிச்சேன். பெரிய எழுத்துல 'பத்து வருஷ வாரண்டி' என்று இருந்தது. பொடி எழுத்துல, பத்து வருஷம் கம்ப்ரசருக்கு மட்டும், மத்ததுக்கு ஒரு வருஷம், கண்ணாடித் தட்டுக்கு எதுவும் இல்லை என்று போட்டிருந்தது. கடைக்காரர் வாயால சொல்றதைவிட அந்தப் பொடி எழுத்தைத்தான் முதல்ல படிக்கணும். 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருந்தா, தொழிலுக்கு அதை வாங்காதீங்க. பழுதானா அதையே காரணமாக் காட்டுவாங்க.

இப்ப எங்க குழுவுல ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். குழுக் கடன்ல எந்தப் பொருள் வாங்கினாலும் பில்லையும் வாரண்டி கார்டையும் ஜெராக்ஸ் எடுத்துத் தீர்மானப் புத்தகத்தோட வைக்கணும். பில்லு வராம அந்தக் கடன் கணக்கு முடியாது. போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கிறோம், ஏன்னா பில்லுல எழுத்து ஆறு மாசத்துல அழிஞ்சுபோகுது. எல்லாக் குழுவும் இதைச் செஞ்சா நல்லதுன்னு கூட்டமைப்புக்கும் எழுதிக் கொடுத்திருக்கேன்.

அந்த அக்கா 2021-ல் மறுபடியும் கடன் எடுத்து வேற கிரைண்டர் வாங்கினாங்க. வரியோடதான் வாங்கினாங்க. அந்த பில்லு இன்னைக்கும் ரேஷன் கார்டு வச்சிருக்கிற கவர்லயே இருக்கு. மாவு வாங்கப் போறவங்க யாராவது புதுசா மிக்ஸி வாங்கப் போறேன்னு சொன்னா, "பில்லு வாங்கினியாடி?" என்றுதான் முதல்ல கேட்பாங்க. நான் அன்னைக்குக் கேட்காம விட்ட கேள்வி அது.