ஆர்கேட்டா சதுப்புநிலக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில், ஹம்போல்ட் விரிகுடாவை ஒட்டியிருக்கும் சிற்றூர் ஆர்கேட்டா. அதன் சாக்கடைத் தண்ணீரைக் கோரையும் சம்பும் அடர்ந்த சதுப்பு வழியே விட்டுத் தெளியவைக்கும் அமைப்பு இது. 1986 முதல் முழு அளவில் இயங்குகிறது. சுமார் 300 ஏக்கர் பரப்புள்ள இதன் சரணாலயத்தில் பறவை பார்க்க வருகிறவர்கள் காலாற நடப்பது ஊர்க் கழிவுநீரின் கரையில்தான்.

ஊரின் முதல் சுத்திகரிப்பு நிலையம் 1949இல் வந்தது. கசடைப் படியவைத்துப் பிரிப்பதோடு அதன் வேலை முடிந்தது. 1950களின் பிற்பகுதியில் 55 ஏக்கரில் ஆக்சிஜனேற்றக் குளங்கள் வெட்டப்பட்டன. குளத்துப் பாசி வெயிலில் ஆக்சிஜனை விடும். அதைக் கொண்டு பாக்டீரியா கழிவைத் தின்னும். செலவில்லாத ஏற்பாடுதான். ஆனால் வேலை பார்த்த பாசியே தண்ணீரோடு வெளியேறி, கடைசியில் தானும் ஒரு கழிவாகிவிடுகிறது.

1974இல் மாநில நீர்வள வாரியம், விரிகுடாக்களிலும் கழிமுகங்களிலும் கழிவுநீரை விடுவதற்குத் தடை போட்டது. சுற்று வட்டார ஊர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு பெரிய நிலையம், விரிகுடாவுக்கு அடியில் குழாய், அங்கிருந்து கடல் என்று திட்டம் தயாரானது. கட்டுமானச் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசு மானியம் ஏற்கும். காலமெல்லாம் மின்சாரம் கொடுத்து நடத்தும் செலவு ஊர்க்காரர்களின் தலையில். ஆர்கேட்டா இதற்கு உடன்படவில்லை.

தடை ஆணையிலேயே ஒரு விலக்கு இருந்தது: வெளியேறும் நீர் விரிகுடாவின் தரத்தை மேம்படுத்துமானால் விடலாம். இந்தத் திட்டத்தின் வரலாறே அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நடந்த வழக்காடல் என்று சொல்லலாம். ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீனியல் பேராசிரியர் ஜார்ஜ் ஆலன், குளத்துக் கழிவுநீரில் கடல்நீரைக் கலந்து சால்மன் குஞ்சுகளையே வளர்த்துக் காட்டியிருந்தார். பொறியியல் பேராசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட்டும் நகரின் பொதுப்பணி இயக்குநர் ஃபிராங்க் கிளாப்பும் துணைநின்றனர். 1979 முதல் சிறு பாத்திகளில் சோதனை நடந்தது. பிறகே வாரியம் இசைந்தது.

சதுப்புக்குள் நடப்பது எளிய காரியம். நெருங்கி நிற்கும் தண்டுகள் வெயிலை மறைக்கின்றன; நிழலில் பாசி செத்து அடியில் படிகிறது. நீரில் மூழ்கிய தண்டுகளின்மேல் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். மிச்சக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அதில்தான். செடி, அவை ஒட்டிக்கொள்ள ஒரு பந்தல், அவ்வளவே. இதனால் ஊருக்கு இயந்திரமே தேவைப்படவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சல்லடை, மணல் பிரிப்பான், படிவுத் தொட்டி, கசடு செரிப்பான், கிருமிநீக்க அமைப்பு எல்லாம் இங்கேயும் உண்டு.

1987இல் ஃபோர்டு அறக்கட்டளையின் அரசு நிர்வாகப் புதுமை விருது கிடைத்தது. சதுப்புகளில் இரண்டுக்கு ஆலன், கியர்ஹார்ட் பெயர்களே சூட்டப்பட்டிருக்கின்றன.

குளங்களை விரிகுடாவிலிருந்து பிரிப்பது மண்கரைகள். இங்கே கடல் ஏறுவதோடு தரையும் தாழ்ந்துகொண்டிருப்பதால், கலிஃபோர்னியக் கரையிலேயே நீர்மட்டம் வேகமாக உயரும் இடம் இந்த விரிகுடாதான். கரையை எவ்வளவு உயர்த்துவது, எத்தனை காலத்துக்கு என்பதே இப்போது நகரசபையின் முன்னுள்ள கேள்வி.