பேப்பரில் வந்ததா?

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய வாசித்த இசைக்குழுக்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத வேண்டும் என்று சில காலமாக முயன்று வருகிறேன். முதலில் எடுத்துக்கொண்டது வலிகாமத்துக் குழு ஒன்று. அதில் ஓர்கன் வாசித்தவரின் குடும்பம் ஓர் உறை நிறைய ஆவணங்களைத் தந்தது: திருவிழா நோட்டீசுகள், ஒரு கோயில் மலர், மூன்று ஒலிநாடாக்கள், மேடையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இவற்றைக் கொண்டு அந்தக் குழு இருந்தது என்று நிறுவலாம். கட்டுரைக்கு அது போதாது.

யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று 2001இல் தொடங்கிய கலைக்களஞ்சியம் அது. அப்படியொரு இடத்தில், நேற்றுத் தொடங்கிய குழுக்களும் தங்களுக்குத் தாங்களே விளம்பரம் எழுதிக்கொள்ளும். அதைத் தடுக்கவே 'குறிப்பிடத்தக்கமை' என்ற விதி வந்தது. குழுவோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த வெளியீடுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். நாட்டின் விற்பனைப் பட்டியலில் இடம்பிடித்திருப்பது, பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாக இரண்டு இசைத்தொகுப்பாவது வெளியிட்டிருப்பது, தேசிய வானொலியில் தொடர்ந்து ஒலித்திருப்பது போன்றவையும் துணைச் சான்றுகளாகும். விளம்பரமும் நிகழ்ச்சி அறிவித்தலும், குழுவினர் தம்மைப் பற்றித் தாமே சொன்னதும் கணக்கில் வராதவை. கட்டுரையை நீக்கவேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தால், ஆங்கில விக்கிப்பீடியாவில் வழமையாக ஏழு நாட்கள் விவாதம் நடக்கும். அதற்குள் சான்று காட்ட வேண்டும்.

இந்த விதியைச் சிரமமின்றித் தாண்டும் தமிழர்களும் உண்டு. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹொங்கொங்கில் வாசித்துப் பெயரெடுத்து, பொலிகிராம் நிறுவனத்துக்காக மலாய் மொழியில் பாடி, மலேசியா முழுவதும் புகழ்பெற்றவர்கள். 2007இல் லோகநாதன் மறைந்தபோது நாட்டின் பத்திரிகைகள் எழுதின. தேசிய மொழியில் பாடியதும் பெரிய நிறுவனத்தின் இசைத்தட்டில் வந்ததும் அவர்களுக்கு எழுத்துத் தடயத்தைத் தந்தன.

இலங்கையின் பொப்பிசைக்கும் அந்த வாய்ப்பு ஓரளவு கிடைத்தது. 'சுராங்கனி' புகழ் ஏ. ஈ. மனோகரன் தென்னிந்தியத் திரைப்படங்களில் நடித்தவர். 2018இல் சென்னையில் அவர் காலமானபோது இந்தியப் பத்திரிகைகளும் அஞ்சலி எழுதின. அவருக்குக் கட்டுரை எழுதுவது எளிது. ஆனால் குறிப்பிடத்தக்கமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. புகழ்பெற்ற பாடகருக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசித்தவருக்கும் கொங்கோ அடித்தவருக்கும் தனித்தனியே சான்று வேண்டும்.

கோயில் மேடைக் குழுக்களோ பெரும்பாலும் சினிமாப் பாட்டு வாசித்தவை. பூங்காவனத்தன்று சனம் பாய் கொண்டுவந்து இடம்பிடித்துக் கேட்டது. இசைத்தட்டு நிறுவனம் எதுவும் அவர்களைத் தேடி வரவில்லை. இலக்கியச் சஞ்சிகைகளின் அக்கறை வேறு. என் கையில் இருந்த உறையை விதியின் முன் வைத்துப் பார்த்தேன். நோட்டீசு விளம்பரம். கோயில் மலர், குழுவை அழைத்த சபையே வெளியிட்டது. படத்தின் பின்புறத்தில் திகதி இல்லை. மிஞ்சுவது ஊர்ப் பத்திரிகையில் வந்திருக்கக்கூடிய விமர்சனம்.

இங்கேதான் நம் வரலாறு குறுக்கே வருகிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதே நாட்களில், 1959 முதல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த ஈழநாட்டின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1983 யூலையில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிந்து, இலங்கைத் திரைப்படங்களின் பிரதிகள் அழிந்தன. பிறகு வந்த இடப்பெயர்வுகளில், வீடுகளில் வெட்டி ஒட்டி வைத்திருந்த பத்திரிகைத் துண்டுகளும் போயின. 'சான்று எங்கே?' என்று கேட்கும் இளைஞருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. சான்று எரிந்துபோனது என்பதை ஒரு சான்றாக விதி ஏற்றுக்கொள்வதும் இல்லை.

ஆயினும் விதியை நான் குறைசொல்ல மாட்டேன். அதைத் தளர்த்தினால் உள்ளே வருவது எங்கள் ஓர்கன்காரர் அல்லர். பணம் கொடுத்து எழுதுவிப்பவர்கள்தான் முதலில் வருவார்கள். அதோடு, பலர் கவனிக்காத இரண்டு வாசல்களும் விதியில் உண்டு. சான்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதில்லை. இணையத்தில் இருக்க வேண்டியதும் இல்லை. திகதியும் பக்க எண்ணும் சரியாகத் தரப்பட்ட ஒரு பழைய வீரகேசரிக் கட்டுரை, இன்றைய இணையச் செய்திக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. இலங்கையில் வெளிவரும் பத்திரிகைகளின் பிரதி சட்டப்படி கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். ஆகவே யாழ்ப்பாணத்தில் எரிந்தவற்றைத் தேட அங்கே ஓர் இடம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தில் பழைய பத்திரிகைகளும் மலர்களும் சஞ்சிகைகளும் பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

மிகுதி வேலை நம்முடையது. அந்த மேடைகளில் ஏறியவர்கள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் எழுபது வயதைத் தாண்டி வாழ்கிறார்கள். அவர்களை ஒலிப்பதிவு செய்வது அவசியம். ஆனால் பதிவு மட்டும் சான்றாகாது. அது அவர்கள் தம்மைப் பற்றிச் சொன்னது. குழுவோடு தொடர்பில்லாத ஒருவர் அந்தப் பேச்சையும் பழைய பத்திரிகையையும் ஒலிநாடாவையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுத, அதை ஓர் ஆசிரியர் குழு படித்துக் கேள்வி கேட்டுத் திருத்தி அச்சிட்டால், அது சான்று. இப்படியான காலாண்டிதழ்களுக்கு அதைச் செய்ய முடியும்.

வலிகாமத்துக் குழுவைப் பற்றிய கட்டுரையை நான் இன்னும் ஏற்றவில்லை. அந்த நோட்டீசுகளில் ஆண்டும் மாதமும் நாளும் இருக்கின்றன. எந்தக் கிழமையின் பத்திரிகைகளைப் புரட்ட வேண்டும் என்று அவை சொல்கின்றன. இந்த இதழின் வாசகர்களில் யாராவது கொழும்புக்குப் போவதானால், அந்தத் திகதிகளின் பட்டியலைத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.